சாட்சி சொன்ன மொழி

இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய காத்தலான் எழுத்துகளில் ஒன்று ஒரு பிராது. பதினோராம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், பிரனீஸ் மலைத்தொடரின் தென்புறத்தில் கபோயெத் என்ற பள்ளத்தாக்கை ஆண்டுவந்த கித்தார்த் இசார்ன் என்னும் பிரபு, தனக்குக் கட்டுப்பட்ட ஒரு குடும்பம் தனக்கு இழைத்த அநியாயங்களைப் பட்டியல் போட்டு எழுதவைத்தார். எழுதியவர் லத்தீன் கற்ற எழுத்தர். ஆவணமும் லத்தீனில்தான் தொடங்குகிறது. இது இன்னாருடைய மனக்குறைகளின் பதிவு என்று சொல்லிமுடிக்கும் வரை லத்தீன் தாக்குப்பிடிக்கிறது. குறைகளை ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்ததும் அது நழுவிப்போகிறது. பிரபுவின் வாயில் கிடந்த பேச்சு அப்படியே எழுதுதோலில் இறங்குகிறது.

அதே நூற்றாண்டில் அந்த மலைநாட்டில் எழுதப்பட்ட விசுவாசப் பிரமாணங்களிலும் இதைக் காணலாம். சட்ட வாசகங்கள் லத்தீனில் இருக்கும். சத்தியம் செய்கிறவன் வாய்திறந்து சொல்லும் வாக்கு வரும்போது மட்டும் ஊர்ப்பேச்சு தலைகாட்டும். காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. சட்டத்தை எந்த மொழியிலும் எழுதிவைக்கலாம். ஒருவன் கொடுத்த வாக்கை அவன் சொன்ன சொல்லிலேயே எழுதினால்தான் நாளைக்கு அவனைப் பிடித்து நிறுத்திக் கேட்க முடியும்.

1904இல் அதே மலைப்பகுதியில் ஒர்கான்யா என்ற ஊரின் பாதிரியார் இல்லத்தில் எட்டுத் தாள்கள் கண்டெடுக்கப்பட்டன. பன்னிரண்டாம் நூற்றாண்டு முடிந்து பதின்மூன்று தொடங்கும் காலத்தவை. தவக்கால ஞாயிறுகளில் ஜனங்களுக்குச் சொல்லும் பிரசங்கங்கள். காத்தலான் இலக்கியத்தின் தொடக்கம் என்று பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் இவற்றைத்தான் காட்டின. பிராது, சத்தியம், பிரசங்கம். மூன்றும் ஒருவர் முகத்தைப் பார்த்து இன்னொருவர் சொல்பவை. இந்த இலக்கியத்தை எனக்குத் தெரிந்த மட்டும் படித்துத் திரிந்த பிறகு என் மனத்தில் தங்கிய எண்ணம் இந்த மூன்றிலிருந்தே கிளைத்தது. காத்தலான் இலக்கியம் பாட்டாகப் பிறக்கவில்லை. சாட்சியாகப் பிறந்தது. பாட்டை அது இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேல் பக்கத்து வீட்டு மொழியில் பாடிக்கொண்டிருந்தது.

இந்த மொழியைப் பற்றி இரண்டு வார்த்தை. பார்சிலோனாவிலும் வலென்சியாவிலும் மயோர்க்கா முதலான தீவுகளிலும் அந்தோராவிலும், பிரான்சின் பெர்ப்பிஞ்ஞான் வட்டாரத்திலும், சார்தீனியாத் தீவின் அல்கேரோ நகரத்திலும் இன்றும் பேசப்படுவது. ஸ்பானியத்தின் வட்டார வழக்கு என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே பலர். லத்தீனிலிருந்து ஸ்பானியம் எப்படித் தனியே பிரிந்து வளர்ந்ததோ அப்படியே இதுவும் தனியே வளர்ந்தது. இதற்கு மிக நெருங்கிய உறவு ஸ்பானியம்கூட அல்ல, தென் பிரான்சின் ஒக்சிதான் மொழி. பக்கத்து வீடு என்று நான் சொன்னது அதைத்தான்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் காதலைப் பாட வேண்டுமென்றால் ஒக்சிதானில் பாடவேண்டும். துருபதூர் என்ற அந்தப் பாணர்களின் புகழ் ஐரோப்பாவின் பாதியை ஆட்டிவைத்தது. காத்தலான் கவிஞர்கள் அந்தக் கூட்டத்தில் விருந்தாளிகளாக இல்லை, வீட்டுக்காரர்களாகவே நடந்துகொண்டார்கள். அரசன் முதலாம் அல்போன்ஸ் தானே ஒரு துருபதூர். கியேம் தெ பெர்கெதா என்ற பிரபு எதிரிகளை வசைபாடியே பெயர் வாங்கினார். செர்வெரி தெ ஜிரோனாவிடமிருந்து நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் வந்திருக்கின்றன. வேறெந்தத் துருபதூருக்கும் இத்தனை மிஞ்சவில்லை. பெசலூ ஊர்க்காரரான ரமோன் விதால் 1200ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதிய யாப்புக் கையேட்டை, லத்தீன்வழி மொழிகளில் ஒன்றுக்கு எழுந்த முதல் இலக்கணம் என்று கொண்டாடுகிறார்கள். அந்த முதல் இலக்கணத்தை எழுதியவர் காத்தலானியர். இலக்கணம் ஒக்சிதானுக்கு. நெடுங்கதை சொல்லப் பிரெஞ்சு ஏற்றது, காதல் பாட்டுக்கு ஒக்சிதான் ஏற்றது என்று அவர் வகைபிரித்துச் சொல்கிறார். தன் தாய்மொழி எதற்கு ஏற்றது என்று அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

இதைத் தாழ்வு மனப்பான்மை என்று படிப்பது தவறு. அக்கால ஐரோப்பாவில் மொழி ஊரோடு ஒட்டியதைவிடப் பாடும் வகையோடு அதிகம் ஒட்டியிருந்தது. காஸ்தில்லிய அரசன் பத்தாம் அல்போன்சோ சட்டத்தையும் வரலாற்றையும் காஸ்தில்லியத்தில் எழுதவைத்துவிட்டு, கன்னி மரியாள்மீது பாட கலீசிய-போர்த்துக்கீசியத்துக்குப் போனார். இத்தாலியின் மாந்துவா அருகே பிறந்த சொர்தெல்லோ ஒக்சிதானில் பாடினார். தாந்தே தன் காவியத்தின் உத்தரிக்கிற தலத்தில் ஆர்நோ தானியேல் என்ற பாணரைச் சந்திக்கும்போது, அவரை அவருடைய ஒக்சிதானிலேயே பேசவிடுகிறார். ராகத்துக்கு ஒரு மொழி, கணக்குக்கு ஒரு மொழி என்ற இந்த ஏற்பாட்டில் யாருக்கும் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த ஏற்பாட்டை அசைத்தது போர். 1213 செப்டம்பரில் தூலூஸ் அருகே முரே என்ற இடத்தில், வடக்கிலிருந்து சிலுவைப்போர் என்ற பெயரில் வந்த படையை எதிர்த்து நின்ற காத்தலானியரின் அரசன் பெரே களத்தில் விழுந்தார். அவருக்குப் பின் ஒக்சிதான் நாடு கொஞ்சம் கொஞ்சமாகப் பாரிசின் கைக்குப் போயிற்று. 1258இல் கொர்பெய் ஒப்பந்தம் எல்லையை எழுதியே வைத்துவிட்டது. வடக்குக் கதவு அடைபட்டதும் காத்தலானியர் கடலைப் பார்த்துத் திரும்பினார்கள். 1229இல் மயோர்க்கா, 1238இல் வலென்சியா, 1282இல் சிசிலி. பாட்டு மட்டும் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது. உரைநடை கப்பலேறியது.

உரைநடையைப் படைத்தவர் என்று ஒருவரைக் கைகாட்ட வேண்டுமென்றால் அது ரமோன் லியுல். மயோர்க்காவை அரேபியரிடமிருந்து பிடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தபோது, 1232ஐ ஒட்டி அந்தத் தீவில் பிறந்தார். அரண்மனைச் சேவகம், மனைவி, பிள்ளைகள், அதற்கு வெளியே காதல். முப்பது வயதளவில் ஓர் இரவு கட்டிலருகே உட்கார்ந்து, தான் பித்தாகக் காதலித்த ஒரு பெண்ணுக்குப் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பினார். வலப்புறத்தில் சிலுவையில் தொங்கும் கிறிஸ்து தெரிந்தார். பயந்துபோய்ப் படுத்துத் தூங்கிவிட்டார். பிறகு மறுபடி அதே பாட்டை எடுத்தார். மறுபடி அதே காட்சி. ஐந்து முறை. பாட்டு முடியவில்லை. முடியாமல் போன அந்தத் துருபதூர் பாட்டின் இடத்தில்தான் காத்தலான் உரைநடை தொடங்குகிறது என்று சொல்லத் தோன்றுகிறது. லியுல் பின்னாளில் செய்யுளும் எழுதியவர்தான் என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன்.

இஸ்லாமியரை வாதத்தால் வெல்ல வேண்டும், அதற்கு அவர்கள் மொழி வேண்டும் என்று முடிவுசெய்தார். அரபு கற்பிக்க ஓர் அடிமையை விலைக்கு வாங்கினார். ஒன்பது ஆண்டுகள் கற்றார். ஒருநாள் அந்த அடிமை கிறிஸ்துவை நிந்தித்துப் பேசிவிட்டதாகக் கேள்விப்பட்டு அவனை அடித்தார். அவன் சமயம் பார்த்திருந்து வாளால் குத்தினான். லியுல் தப்பினார். அவனைச் சிறையில் போட்டார்கள். தனக்கு மொழி தந்தவனைக் கொல்லவும் மனமில்லை, விடவும் அச்சம். மடாலயம் ஒன்றுக்குப் போய் மூன்று நாள் ஜெபித்தும் தெளிவு பிறக்கவில்லை. திரும்பும் வழியில் சிறைக்குப் போனார். கட்டியிருந்த கயிற்றிலேயே அவன் தூக்கிட்டுச் செத்திருந்தான்.

லியுல் முதுமையில் பாரிசில் துறவிகளிடம் சொல்லி எழுதவைத்த வாழ்க்கைக் குறிப்பில் இவ்வளவும் இருக்கிறது. அந்த மனிதனின் பெயர் இல்லை. இந்த இடத்தை என்னால் எளிதில் கடந்துபோக முடிந்ததில்லை. ஒரு மொழியின் உரைநடைக்குப் பெரிய தந்தை என்று போற்றப்படுபவரின் ஆசிரியன் அவன். லியுலின் முதல் பெரிய நூலான கடவுள் தியானம், 1270களின் தொடக்கத்தில், முதலில் அரபியில் எழுதப்பட்டுப் பிறகே காத்தலானுக்கு வந்தது. 366 அதிகாரங்கள். மதத் தத்துவத்தை இவ்வளவு விரிவாக ஜனங்களின் பேச்சில் எழுதத் துணிந்தவர் அன்றைய ஐரோப்பாவில் அபூர்வம். தாந்தே தன் தத்துவ விருந்தை இத்தாலியத்தில் படைக்க இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன. அந்தத் துணிவுக்குப் பின்னால், வாக்கியம் எப்படி நீளலாம், கருத்தை எப்படி அடுக்கலாம் என்று ஒன்பது ஆண்டுகள் சொல்லிக்கொடுத்த ஒரு குரல் உண்டு. லியுல் அரபியில் எழுதிய எதுவும் இன்று இல்லை. அந்தக் குரலின் கடைசித் தடயமும் அவற்றோடு போயிற்று.

ஆனாலும் அரபு காத்தலானுக்குள் தங்கிவிட்டது. 1283ஐ ஒட்டி எழுதிய பிளங்கேர்னா என்ற நெடுங்கதைக்குள் நண்பனும் அன்பனும் என்ற சிறு நூல் ஒன்றை லியுல் வைத்தார். பக்தனை நண்பன் என்றும் கடவுளை அன்பன் என்றும் வைத்து, ஆண்டின் நாளுக்கு ஒன்றாக எழுதிய குறுவாசகங்கள். சூஃபிகள் என்ற பக்தர்கள் இப்படிச் சொல்வார்கள் என்று ஓர் இஸ்லாமியரிடமிருந்து கேட்டதாகக் கதையின் துறவி நினைவுகூர்கிறார். கடனை மறைக்காத நேர்மை இது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து பெலிக்ஸ் என்ற நூலில் மிருகங்களின் புத்தகம் என்று ஒரு பகுதி. சிங்க ராஜாவின் சபையில் நரி சூழ்ச்சி செய்கிறது. வாசிக்கும்போதே நமக்கு எங்கோ கேட்ட கதையாகப் படுகிறதே என்றால், கேட்டதுதான். பஞ்சதந்திரம் ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குப் போனது. எட்டாம் நூற்றாண்டில் கலீலா, திம்னா என்ற பெயரில் அரபுக்கு வந்தது. அதிலிருந்து லியுலின் கைக்கு வந்து சேர்ந்தது. கரடகனும் தமனகனும் போட்ட திட்டங்கள் மயோர்க்கா நரிக்கும் பயன்பட்டிருக்கின்றன.

லியுல் சாட்சி சொன்னது கடவுளுக்காக. அவரை அரண்மனையில் வைத்திருந்த அரச குடும்பத்தின் தலைவர் ஜவுமே தனக்காகவே சொன்னார். மயோர்க்காவையும் வலென்சியாவையும் பிடித்த இந்த அரசர் (1208-1276) தன் வாழ்க்கையைத் தானே சொல்லி எழுதவைத்தார். செயல்களின் புத்தகம் என்று அதற்குப் பெயர். ஐரோப்பிய அரசர் ஒருவர் தன்மையில் நின்று தன் கதையைச் சொல்வது அதுவரை இல்லாதது. அடுத்த நூற்றாண்டில் பொகீமிய அரசர் நான்காம் கார்ல் தன் கதையைச் சொல்ல வந்தபோதும் லத்தீனைத்தான் தேடினார். ஜவுமே தன் பேச்சிலேயே சொன்னார். 'யாம்' என்று பன்மையில்தான் பேசுகிறார். ஆனால் சில பக்கங்களிலேயே அந்த 'யாம்' உடைந்து ஒரு தனி ஆள் எட்டிப்பார்க்கிறார்.

தனக்குப் பெயர் வைத்த கதையைச் சொல்கிறார். தாய் பன்னிரண்டு மெழுகுவர்த்திகளை ஒரே எடையில் ஒரே அளவில் செய்வித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அப்போஸ்தலரின் பெயரிட்டு ஏற்றினாள். மற்றவையெல்லாம் அணைந்தபின்னும் யாக்கோபுவின் திரி எரிந்தது. யாக்கோபுதான் காத்தலானில் ஜவுமே. வலென்சியாவை முற்றுகையிட்டபோது அம்பு ஒன்று நெற்றியில் தைத்தது. ஆத்திரத்தில் அதைப் பிடித்து முறித்தார். இரத்தம் முகத்தில் வழிந்தது. படை கலங்கிவிடக் கூடாதென்று துடைத்துக்கொண்டே சிரித்தபடி வந்தார். கூடாரத்துக்குள் போனதும் முகம் வீங்கிக் கண்கள் மூடிக்கொண்டன. அதே போர்க்காலத்தில் இன்னொரு காலை, பாளையத்தைப் பெயர்க்க உத்தரவிட்டபோது தன் கூடாரக் காலில் ஒரு தகைவிலான் கூடு கட்டியிருப்பதைக் கண்டார். நம்மை நம்பி வந்திருக்கிறது, குஞ்சுகளோடு பறந்துபோகும்வரை கூடாரத்தைப் பிரிக்காதீர்கள் என்றார்.

ஊர்களைப் பட்டினிபோட்டுப் பிடித்த மனிதர் இவர் என்பதை மறந்துவிடச் சொல்லவில்லை. அதே புத்தகம் அதையும் சொல்கிறது, பெருமையோடு சொல்கிறது. குருவிக்குக் கிடைத்த அடைக்கலம் ஊர்க்காரர்கள் பலருக்குக் கிடைக்கவில்லை. சாட்சி என்றால் தனக்குச் சாதகமானதை மட்டுமா சொல்கிறது? சொல்பவருக்குத் தெரியாமலே மற்றதையும் சொல்லிவிடுகிறது. அரண்மனைப் புலவர் ஒருவர் லத்தீனில் எழுதியிருந்தால் இரண்டையும் சீராக்கியிருப்பார்.

இந்த வரிசையில் நான்கு பெரிய வரலாறுகள் வந்தன. ஜவுமேயுடையது, தெஸ்கிளோத்துடையது, முந்தனேருடையது, பின்னாளில் வந்த இன்னொரு பெரே அரசருடையது. மூன்றாமவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். ரமோன் முந்தனேர் (1265-1336) பெரலாதா ஊர்க்காரர். போர்வீரர், கணக்கர், கோட்டைக் காவலர், எல்லாம். 1325இல் வலென்சியாவின் தோட்டப்புறத்தில் தன் பண்ணைவீட்டில் படுத்திருந்தபோது கனவில் வெள்ளை உடுத்த முதியவர் வந்து, நீ பார்த்ததையெல்லாம் எழுது என்றாராம். அறுபது வயது மனிதர் எழுதினார். எப்போதும் காதில் விழுகிற குரலில், கேட்பவர்களைப் பெரியோரே என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எழுதினார்.

அவர் சொல்வதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது போர் இல்லை, ஒரு குழந்தை. 1315இல் சிசிலியின் கத்தானியாவில் மயோர்க்கா அரசகுடும்பத்து இளவரசர் பெர்ரானுக்கு ஆண்குழந்தை பிறந்தது. சில வாரங்களில் தாய் இறந்துபோனாள். தந்தை கிரேக்கத்துக்குப் போருக்குப் புறப்பட்டார். குழந்தையைப் பெர்ப்பிஞ்ஞானில் இருந்த பாட்டியிடம் சேர்க்கும் பொறுப்பு முந்தனேருக்கு. எதிரிகள் கடலில் காத்திருந்தார்கள். குழந்தையை வாங்குமுன் கூடியிருந்தவர்களிடம் கேட்கிறார்: இது இளவரசரின் பிள்ளைதான் என்று உங்களுக்கு நிச்சயமா? ஆம் என்கிறார்கள். பத்திரம் எழுதவைக்கிறார். செவிலித்தாயோடும் பெண்களோடும் கப்பலேறி, புயலில் அலைந்து, கரைசேர்ந்து, பாட்டியின் கையில் கொடுக்கும்போது மறுபடி அதே கேள்வி, அதே பத்திரம். கபோயெத்தின் பிராதை எழுதவைத்த மனம் இருநூறு ஆண்டுகள் கழித்து இங்கே கைக்குழந்தையோடு நிற்கிறது. பார்த்தவர் சொல்ல வேண்டும், சொன்னதை எழுத வேண்டும்.

அந்தக் குழந்தை வளர்ந்து மயோர்க்காவின் மூன்றாம் ஜவுமே ஆனார். அவருடைய நாட்டைப் பறித்தவர் சொந்தக்காரரான பெரே அரசர். 1349இல் யுக்மயோர் என்ற இடத்தில் நாட்டை மீட்க வந்த ஜவுமே போரில் கொல்லப்பட்டார். முந்தனேர் அதற்குமுன்பே இறந்திருந்தார். அந்தப் போட்டியை வென்றவர் சொன்ன விதமாக நாம் பெரே அரசரின் வரலாற்றில் படிக்கலாம். முந்தனேர் புயலில் அணைத்துக்கொண்டுவந்த பிள்ளை அங்கே துரோகி. ஒரே மொழி, ஒரே மனிதன், இரண்டு சாட்சிகள்.

முந்தனேரையும் முழுக்கப் புனிதராக்க முடியாது. பைசாந்தியப் பேரரசுக்குக் கூலிப்படையாகப் போன காத்தலான் கூட்டத்தில் அவரும் இருந்தார். தளபதி ரோஜர் தெ ப்ளோர் 1305இல் அதிரியானோப்பிளில் கொல்லப்பட்டதும் அந்தப் படை திராசு நாட்டைச் சூறையாடிப் பழிவாங்கியதை அவர் மகிழ்ச்சியாகவே சொல்கிறார். அல்பேனிய மொழியில் காத்தலான் என்ற பெயர் மனிதரைத் தின்னும் அரக்கனுக்குப் பெயராகித் தங்கிவிட்டது. அடிபட்டவர்களும் சாட்சி சொல்லியிருக்கிறார்கள், ஒரே சொல்லில்.

பதினான்காம் நூற்றாண்டில் அரச அலுவலகம் லத்தீனிலும் காத்தலானிலும் அரகோனியத்திலும் கடிதம் எழுதியது. பார்சிலோனாக்காரரும் வலென்சியாக்காரரும் மயோர்க்காக்காரரும் வாயால் வெவ்வேறாகப் பேசினாலும் கையால் ஒன்றாக எழுதக் கற்றது அங்கேதான். அந்த எழுத்தர்களில் ஒருவர் பெர்னாத் மெட்ஜே. பெத்ரார்க் லத்தீனில் எழுதிய கிரிசெல்டா கதையை 1388இல் காத்தலானுக்குக் கொண்டுவந்தவர். இத்தாலியில் வீசிய புதிய காற்றை ஐபீரிய நாடுகளில் முதலில் உணர்ந்தவர்களில் அவரைச் சொல்ல வேண்டும். 1396இல் அரசர் முதலாம் ஜுவான் வேட்டையில் திடீரென்று இறக்க, கூட இருந்த அதிகாரிகள்மேல் வழக்கு வந்தது. மெட்ஜேவும் குற்றவாளிப் பட்டியலில். 1399இல் அவர் எழுதிய கனவு என்ற நூலில் அவர் சிறையில் தூங்குகிறார். இறந்த அரசர் ஆவியாக வருகிறார், ஆன்மா அழியாது என்று நிறுவுகிறார். கண்ணால் பார்ப்பதைத்தான் நம்புவேன் என்று மெட்ஜே முதலில் முரண்டு பிடிக்கிறார், பிறகு தலையசைக்கிறார். அழகான உரையாடல், அழகான உரைநடை. செத்த அரசரையே தன் பக்கத்துச் சாட்சியாக ஏற்றிவிட்ட வக்கீலின் சாமர்த்தியமும் அதில் இருக்கிறது. அடுத்த அரசரின் தயவு அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அவர் கடைசியில் உண்மையாகவே நம்பினாரா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. முதலில் மறுத்தபோது இருந்த சூடு பிறகு தலையசைத்தபோது இல்லை என்பதே என் எண்ணம்.

சாட்சி தாய்மொழியில்தான் வரும் என்ற என் விதியை இதே காலத்தில் உடைப்பவர் ஒருவர் உண்டு. அன்செல்ம் துர்மேதா, மயோர்க்காவைச் சேர்ந்த பிரான்சிஸ்கத் துறவி. பொலோஞ்ஞாவில் படித்தவர், துனிசுக்குப் போய் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லா ஆனார். அங்கே சுங்க அலுவலகத்தில் வேலை. 1420இல் தன் மாற்றத்தின் கதையைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்டது அரபு. உயிரான சாட்சியைத் தாய்மொழியில் சொல்லவில்லை. தாய்மொழியில் அவர் எழுதி அனுப்பியது பிள்ளைகளுக்கான நீதிச் செய்யுள். அதைக் காத்தலான் நாட்டுப் பள்ளிகளில் நூற்றாண்டுக்கணக்காகக் கிறிஸ்தவப் பிள்ளைகள் படித்தார்கள். மனிதன் உயர்ந்தவனா மிருகங்கள் உயர்ந்தவையா என்று ஒரு கழுதை அவரோடு வாதாடும் நூலையும் எழுதினார். அரபுத் தத்துவக் குழு ஒன்றின் நூலிலிருந்து எடுத்தது. திருச்சபை அதைத் தடைசெய்தது. காத்தலான் மூலம் தொலைந்து, 1544இல் அச்சான பிரெஞ்சு மொழிபெயர்ப்பில்தான் இன்று அதைப் படிக்கிறோம். யாரிடம் சாட்சி சொல்கிறோம் என்பதும் மொழியைத் தீர்மானிக்கிறது என்று துர்மேதா என்னைத் திருத்துகிறார். துனிசில் அவரை நம்ப வேண்டியவர்கள் அரபு பேசினார்கள்.

பாட்டு வீடு திரும்ப அவுசியாஸ் மார்க் வரவேண்டியிருந்தது. 1400ஐ ஒட்டிப் பிறந்தவர், வலென்சியப் பிரபு, அரசரின் வேட்டைப் பருந்துகளைப் பராமரித்தவர். அப்பா பெரே மார்க், பெரியப்பா ஜவுமே மார்க் இருவரும் கவிஞர்கள். பெரியப்பா எதுகை அகராதியே செய்தவர். துருபதூர் மரபைக் காக்கப் பார்சிலோனாவில் 1393இல் தூலூசைப் பார்த்து ஒரு கவிதைக் கழகம் அமைக்கப்பட்டது, அதிலும் அவர் இருந்தார். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவர் ஒக்சிதானைக் கைவிட்டுத் தன் பேச்சில் பாடினார். 128 கவிதைகள். வசந்தம் வந்தது, பறவை பாடியது என்ற துருபதூர் தொடக்கம் அவரிடம் அரிது. அவருடைய உவமைகளில் புயலில் அகப்பட்ட மாலுமி வருவான், வைத்தியரின் முகத்தைப் பார்க்கும் நோயாளி வருவான், மரண தண்டனை கேட்ட கைதி வருவான். ஒரு கவிதையில் தன் பெயரையே முழுதாகச் சொல்லி, இன்னார் நான் என்கிறார். பிரமாணம் செய்பவன் பெயரைச் சொல்வதுபோல. செத்துப்போன பெண்ணின் ஆன்மா எங்கே இருக்கிறது, தன்னால் அது நரகத்தில் விழுந்திருக்குமோ என்று அவர் கலங்கும் மரணப் பாடல்களுக்கு இணையாக அந்த நூற்றாண்டு ஐரோப்பாவில் அதிகமில்லை. வில்லோனை வேண்டுமானால் பக்கத்தில் வைக்கலாம். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட உரைநடை கற்றுக்கொடுத்த நேர்மை பாட்டுக்கு அப்போதுதான் வந்துசேர்ந்தது.

மார்க்கின் முதல் மனைவி இசபெல் மார்த்தொரேல். திருமணமாகி இரண்டு ஆண்டில் இறந்துபோனாள். அவளுடைய அண்ணனோ தம்பியோ ஜுவானோத், பிற்காலத்தில் திராந்த் லோ பிளாங்க் என்ற நாவலை எழுதியவர். கல்யாணம் செய்துகொள்வதாகத் தங்கள் குடும்பத்துப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்து ஏமாற்றிய உறவினனுக்கு ஜுவானோத் சவால் கடிதங்கள் எழுதினார். துவந்த யுத்தத்துக்கு நடுவர் தேடி 1438இல் லண்டனுக்கே போனார். போர் நடக்கவில்லை. அந்தக் கடிதங்கள் இருக்கின்றன. அவையும் பிராதுகள்தான். 1460 ஜனவரி 2ஆம் தேதி எழுதத் தொடங்கிய அந்த நாவலை வறுமையில் அடகுவைத்துவிட்டு, 1465இல் இறந்தார். 1490இல் வலென்சியாவில் 715 பிரதிகள் அச்சாயின. கான்ஸ்டாண்டினோப்பிள் 1453இல் விழுந்துவிட்டது. மார்த்தொரேலின் வீரன் அதைக் காப்பாற்றிவிடுகிறான், பிறகு போர்க்களத்தில் இல்லாமல் நோயில் விழுந்து உயில் எழுதிவைத்துச் சாகிறான். டான் கிஹோத்தேயின் நூலகத்தை எரிக்கும் பாதிரியார் இந்தப் புத்தகத்தைக் காப்பாற்றியதற்குக் காரணம் இதுதான்: இதில் வீரர்கள் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், படுக்கையில் சாகிறார்கள். செர்வாண்டிசுக்கு நூற்றைம்பது ஆண்டு முன்னால் நாவல் வந்துவிட்டிருந்தது.

அதே வலென்சியாவில் பெண்களைத் தூற்றி ஆயிரக்கணக்கான அடிகள் எழுதினார் ஜவுமே ரோய்க் என்ற வைத்தியர். அவர் வைத்தியம் பார்த்த மடத்தின் தலைவி இசபெல் தெ வியேனா. கிறிஸ்துவின் வாழ்க்கையை அவர் எழுதியபோது மரியாளையும் மக்தலேனாவையும் மற்றப் பெண்களையும் நடுவில் நிறுத்தினார். ஆண் சீடர்கள் ஓடிப்போன இடத்தில் நின்று பார்த்தவர்கள் பெண்கள். அவர்களே சாட்சிகள். ரோய்க்குக்கு அவர் பெயர்சொல்லிப் பதில் எழுதவில்லை. இதைவிட வலிய பதிலும் தேவையில்லை. அவர் இறந்து ஏழாண்டுகள் கழித்து 1497இல் அது அச்சானது.

அதற்குப் பிறகு நீண்ட இறங்குமுகம். அரசவை காஸ்தில்லியத்துக்கு மாறியது, வலென்சியப் பிரபுக்களும் கூடவே மாறினார்கள். மார்க்கை ஸ்பானியக் கவிஞர்கள் மொழிபெயர்த்துப் படித்தார்கள், அவருடைய மொழியில் எழுதவந்தவர்கள் குறைந்தார்கள். ஐரோப்பிய இலக்கிய வரலாறுகள் நாடுகளின் எல்லைப்படி எழுதப்பட்டபோது, நாடற்றுப்போன மொழிக்கு அடிக்குறிப்புதான் மிஞ்சியது. தாந்தேயையும் பெத்ரார்க்கையும் சாசரையும் பாடமாக வைக்கும் நம்முடைய கல்லூரிகள் லியுலையும் முந்தனேரையும் மார்க்கையும் அவர்கள் பக்கத்தில் வைக்க வேண்டும். நேரடியாக மூலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவர யாராவது அந்த மொழியைக் கற்க வேண்டும்.

1478இல் வலென்சியாவில் முழு பைபிளும் காத்தலானில் அச்சானது. போர்த்தசேலி மடத்தில் போனிபாசி பெர்ரேர் பெயரால் வந்த மொழிபெயர்ப்பு. விசாரணை மன்றம் அதைத் தேடித்தேடி எரித்தது. ஒரு பிரதியும் தப்பவில்லை. ஒரே ஒரு தாள் நியூயார்க்கில், ஹிஸ்பானிக் சொசைட்டியில் இருக்கிறது. அது நூலின் கடைசித் தாள்: இதை மொழிபெயர்த்தவர் யார், எந்த ஊரில், எந்த ஆண்டில் அச்சிட்டார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது.